அழைப்பு வராத இரவு: பணிக்களத்தில் நடந்த ஒரு நிதி ஓட்டம், வீட்டில் காத்திருந்த 31 குடும்பங்கள்

வெளிநாட்டுப் பணிக்களத்தில் இருந்த ஒரு யூனிட்டின் வீரர்கள் ஓர் அறக்கட்டளைக்காக ஓடி நிதி திரட்டினார்கள். அந்த நாட்களில் அவர்கள் வீடுகளில் என்ன நடந்தது என்பதைப் பற்றியது இந்தப் பதிவு. ஊரில் இருந்த குடும்பங்களுக்கும் கேம்புக்கும் இடையே தொடர்பாளராக இருந்த தொண்டர் நான். என் கணவரும் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். பேசியவர்களின் வார்த்தைகளை அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

பின்னணி

வீரர்கள் உடலை வருத்தி நற்காரியத்துக்குப் பணம் சேர்ப்பது புதிதல்ல. 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி மைக்கேல் மர்ஃபியின் நினைவாக ஒரு பயிற்சி உண்டு. ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 புஷ்-அப், 300 குந்தல், மறுபடி ஒரு மைல். இதை 9 கிலோ எடையுள்ள கவச உடுப்போடு செய்ய வேண்டும். முன்னாள் வீரர்களின் தற்கொலையைப் பற்றிப் பேச வைப்பதற்காக, தினம் 22 புஷ்-அப் என்று 22 நாள் எடுக்கும் சவால் 2016இல் உலகம் முழுக்கப் பரவியது. எங்கள் யூனிட் பையன்கள் இரண்டையுமே செய்து பார்த்தவர்கள்.

இந்த முறை அவர்கள் யோசித்தது வேறு. கேம்பிலிருந்து வீட்டுக்கு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். நாற்பது பேர் சேர்ந்து அந்தத் தூரத்தை 30 நாளில் ஓடி முடிப்பது என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 கிலோமீட்டர். பணம் போகும் இடம், பணியில் இறந்த வீரர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஓர் அறக்கட்டளை.

இதை ஏன் செய்தார்கள் என்று புரிந்துகொள்ளாமல் மீதியைப் படித்தால் அவர்கள் மேல் கோபம்தான் வரும். காவல், தூக்கம், சாப்பாடு, காவல் என்று நேற்றும் இன்றும் நாளையும் ஒரே மாதிரி போகும் இடம் அது. அதில் தினம் ஒரு எண் கூடுவதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். "வீட்டை நோக்கி ஓடுறோம்னு நெனச்சா கால் வலிக்கலை" என்று ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னார். அவர் மனதார அப்படித்தான் ஓடியிருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் இருந்த யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் பத்து நாட்கள்: கவனித்தவை

ஓட்ட நேரமாக மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை வைத்தார்கள். பகல் வெயிலில் ஓட முடியாது. விடியற்காலையில் ஓடலாம் என்றால், இரவுக் காவல் முடித்தவர்கள் தூங்கும் நேரம் அது. ஆக, எல்லோரும் விழித்திருந்து, வெயிலும் தணிந்திருக்கும் நேரம் அந்த ஒரு மணி நேரம்தான். கேம்பில் மாலை ஐந்தரை என்றால் இங்கே இரவு எட்டரை. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, தூங்குவதற்கு முன் அப்பாவின் வீடியோ காலுக்குக் காத்திருக்கும் நேரம்.

முதல் வாரத்தில் அழைப்புகள் முழுக்க நிற்கவில்லை, சுருங்கின. பதினைந்து நிமிடம் பேசியவர் ஐந்து நிமிடம் பேசினார். டிரெட்மில் இரண்டும் வைஃபை இருந்த அதே கூடாரத்தில் இருந்ததால் இரைச்சல் வேறு. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, அப்பா பேசும்போது பின்னால் 'டம் டம்' என்று கேட்ட சத்தம் துப்பாக்கியா என்று கேட்டிருக்கிறாள். யாரோ மெஷினில் ஓடுகிறார் என்று அவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். குழந்தை தலையாட்டினாள். ஆனால் அடுத்த மூன்று நாள் போனைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டாள்.

பெருமையும் நிறைய இருந்தது, அதையும் எழுத வேண்டும். ஓர் அப்பா மகன் ஓடும் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டினார். ஓர் அம்மா தினமும் குழுவில் வரும் படங்களை விரலால் விரித்து விரித்து மகனின் இடது கணுக்காலை மட்டும் பார்ப்பார். போன மாதம் சுளுக்கியதாக அவன் சொல்லியிருந்தான். வீக்கம் வற்றிவிட்டதா, நொண்டுகிறானா என்று அந்தப் படத்தில்தான் தேடினார். படம் வராத நாளில் எனக்குப் போன் வரும்: "இன்னைக்கு அவன் ஓடலையாம்மா?"

இன்னொரு பக்கம் மனக்குறை. ஒரு மனைவி சொன்னது: "என்கிட்ட பேசும்போது களைப்பா இருக்குங்கிறார். படத்துல சிரிக்கிறார். பார்க்கிறவங்க எல்லாம் 'ஜாலியாத்தான் இருக்காங்க போல'ன்னு சொல்றாங்க அக்கா. நான் என்ன பதில் சொல்ல?" அவர் மாமியார் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: "ஊரார் பிள்ளைக்காக ஓடுறான், பெத்த பிள்ளைகிட்ட பேச நேரமில்லை." நல்ல காரியத்தைக் குறை சொன்னால் தன்னலமாகத் தெரியுமே என்ற கூச்சத்தில் பலர் வாயே திறக்கவில்லை. எத்தனை பேர் அப்படி விழுங்கிக்கொண்டு இருந்தார்கள் என்பது எனக்குப் பன்னிரண்டாம் நாள்தான் தெரிந்தது.

எட்டாம் நாள் இன்னொன்று நடந்தது. ஒரு வீரரின் தங்கை, அண்ணனின் ஓட்டச் செயலியைப் பின்தொடர்பவள், அவர் ஓடிய பாதையின் வரைபடத்தைக் குழுவில் போட்டாள். "அண்ணன் இன்னைக்கு ஓடின ரூட்!" கேம்பின் வேலி ஓரம் முழுவதும் ஒரு ஆரஞ்சு வளையமாக அதில் இருந்தது. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக ஓட்ட வரைபடத்தில் படைமுகாம்களின் உருவம் ஒளிக்கோடுகளாகத் தெரிவதை, 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பணிக்களங்களில் கருவிகளிலும் செயலிகளிலும் உள்ள இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்தத் தடை போட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது அண்ணன் ஓடிய பாதை. வேறு யார் கையில் கிடைத்தாலும் அது காவலர்கள் தினம் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்ற தகவல்.

படத்தை நீக்கச் சொன்னேன். அந்தப் பெண் அழுதாள். அவள்மேல் தவறில்லை என்று சொல்லித் தேற்றினேன். அப்புறம் கேம்புக்குத் தகவல் கொடுத்தேன். ஓடும் முன் போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். அன்றே உத்தரவு போட்டார்கள். ஒரு பெட்டி, ஒரு பூட்டு.

பதினொன்றாம் நாள் இரவு

படைக் குடும்பங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணிக்களத்தில் ஒருவர் இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ, அவர் வீட்டுக்கு முறைப்படி செய்தி போய்ச் சேரும் வரை கேம்பின் இணையத்தையும் போனையும் நிறுத்திவிடுவது பல படைகளின் வழக்கம். பிரிட்டிஷ் படையில் இதற்கு 'ஆபரேஷன் மினிமைஸ்' என்று பெயர். வதந்தி முந்திக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்யும் சரியான ஏற்பாடுதான். ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை என்றால் அது வெறும் அழைப்பு வராததுதான். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வரவில்லை என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

அன்று எட்டரைக்கு யாருக்கும் கால் வரவில்லை. ஒன்பது மணிக்குக் குழுவில் ஒருத்தி கேட்டாள்: "இன்னைக்கு யாருக்காவது கால் வந்துச்சா?" சில நிமிடங்களில் பதினான்கு 'இல்லை' வந்து விழுந்தது. அதன் பிறகு குழுவில் யாருமே எதுவும் எழுதவில்லை.

அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்தது என்று பின்னால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தி பிள்ளைகளை உள் அறைக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்துவிட்டு, வாசல் விளக்கை அணைத்தாள். விளக்கு எரிந்தால் செய்தி சொல்ல வருகிறவர்களுக்கு வீடு தெரிந்துவிடுமாம். இன்னொருத்தி இரவு உடையை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சீருடையில் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினால் எப்படி நிற்பது என்று யோசித்தாளாம். தெருவில் ஒரு கார் மெதுவாகப் போனபோது, அது தன் வீட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக ஒரு பெண் சொன்னாள். அப்படி என்றால் வேறொரு வீட்டு வாசலில் அது நிற்கட்டும் என்று வேண்டியதாகத்தானே ஆகும் என்று நினைத்து அவள் இன்றுவரை மருகுகிறாள்.

பத்தேகாலுக்கு இங்குள்ள பணி அதிகாரியை அழைத்தேன். "என்னிடம் எந்தத் தகவலும் இல்லை" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் ஏதாவது நடந்திருந்தாலும் அந்த நேரத்தில் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். அதனால் அந்தப் பதிலை நான் குழுவில் போடவில்லை.

இரவு 11.50க்கு முதல் கால் வந்தது. நடந்தது இதுதான். நன்கொடை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு வீடியோ எடுப்பதற்காக, நாற்பது பேரும் ஒரே அணியாக ஓடினார்கள். வழக்கமான ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் இருவருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. முடித்துவிட்டுப் போனைத் தேடினால், பெட்டியின் சாவியை வைத்திருந்தவர் சட்டைப்பையில் சாவியோடே காவல் டூட்டிக்குப் போய்விட்டார். காவல் மாறும் வரை யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. போனைப் பெட்டியில் வைக்கச் சொன்னது நான். அந்த மூன்று மணி இருபது நிமிடத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் குடும்பங்களின் கூட்டத்தைப் போனிலேயே நடத்தினேன். கோபம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றார்கள் பெரும்பாலோர். நானும் ஏறக்குறைய அதே மனநிலையில்தான் இருந்தேன்.

அப்போது ஓர் அக்கா பேசினார். முந்தைய பணிக்காலம் ஒன்றில் கணவரை இழந்தவர். எங்கள் குழுவை விட்டு அவர் போகவும் இல்லை, நாங்கள் விடவும் இல்லை. "அந்தப் பணம் என் வீட்டுக்கு வந்த பணம். என் ரெண்டு பிள்ளைகளும் அதுலதான் படிக்கிறாங்க. நிறுத்தாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நேத்து ராத்திரி நானும் தூங்கலை. எனக்குன்னு காத்திருக்க யாரும் இல்லை. இருந்தும் வாசலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு நிறுத்தச் சொல்லி யாரும் பேசவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. குடும்பங்களின் வருத்தம் ஓட்டத்தின் மேல் இல்லை. அந்த நாளில் தங்களுக்கென்று இருந்தது ஒரு மணி நேரம். அதைத் தங்களைக் கேட்காமல் எடுத்து வேறொருவருக்குத் தானமாகக் கொடுத்ததுதான் வருத்தம். தானம் கொடுத்தவர்கள் பட்டியலில் அந்தப் பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் கேம்பின் பொறுப்பு அதிகாரியோடு பேசி முடிவு செய்தோம். மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை ஓட்டம், பயிற்சி, படப்பிடிப்பு எதுவும் கிடையாது, டிரெட்மில்லும் ஓடாது. ஓட்டம் விடியற்காலை நாலரைக்கு மாறும், இரவுக் காவல் பார்த்தவர்கள் மட்டும் மதியம் கூடாரத்துக்குள் மெஷினில் ஓடுவார்கள். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அலுவலக அறையை விட்டு வெளியே போகாது. எல்லோரும் சேர்ந்து எதையாவது செய்வதாக இருந்தால் முதல் நாளே குடும்பங்களுக்குச் சொல்லிவிட வேண்டும், இடத்தைச் சொல்லாமல், 'நாளை கால் தாமதமாகும், காரணம் சாதாரணமானது' என்று மட்டும். இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அதிகாரி முதலில் தயங்கினார். இப்படிச் சொல்லிப் பழக்கிவிட்டால், சொல்லாத நாளில் கால் வராதபோது அதுவே ஒரு செய்தியாகிவிடாதா என்றார். நியாயமான கேள்வி. ஏற்கெனவே மௌனம்தான் இங்கே செய்தியாக இருக்கிறது என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

நானாகச் சேர்த்த இன்னொரு யோசனை, குடும்பங்களும் வீட்டுப் பக்கமிருந்து நடந்து தூரத்தைக் கணக்கில் சேர்ப்பது. இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கும் என்று ஆசையாக இருந்தது. 31 வீடுகளில் ஒன்பதுதான் சேர்ந்தன. "காலையில அஞ்சு மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் நான் ஓடிக்கிட்டுதான் இருக்கேன், அதை யாரும் கணக்கு எழுதலை" என்றாள் ஒரு பெண். அவள் வேலைக்கும் போகிறாள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரையும் பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது. ஆனால் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு இது ஒத்துவந்தது. பள்ளிக்குப் போக வர இரண்டு கிலோமீட்டர் என்று பென்சிலால் ஒரு தாளில் தினம் எழுதி, வீடியோ காலில் அப்பாவிடம் காட்டுவான். லீவு நாளில் எழுத ஒன்றுமில்லை என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறான்.

பத்தொன்பதாம் நாள்

இது நாங்கள் யோசிக்காமல் விட்டது. ஒரு மனைவி தன் அலுவலகத்தில் நன்கொடை கேட்டபோது, நண்பர்கள் 'ஒரு புஷ்-அப்புக்கு இவ்வளவு' என்று எண்ணிக்கைக் கணக்கில் தருவதாகச் சொன்னார்கள். கணவர் உற்சாகமாகி, ஓட்டத்துக்கு மேல் தினம் 500 புஷ்-அப் எடுக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் கையை மடக்க முடியவில்லை. சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனது.

இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். பழக்கமில்லாத அளவில் திடீரென உழைக்கும் தசை நார்கள் சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வெப்பமும் உடலில் நீர் குறைவதும் ஆபத்தைக் கூட்டும். நல்ல உடல்வாகு உள்ளவர்களுக்கும் வரும். அவருக்கு அது வந்ததும் அப்படித்தான். சீக்கிரம் கவனித்து நிறையத் திரவம் ஏற்றியதால் இரண்டு நாளில் தேறினார், சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை.

இந்த முறை செய்தி சரியாகப் போனது. குழுவில் யாருக்கும் தெரிவதற்கு முன், மருத்துவப் பணியாளர் பக்கத்தில் இருக்க, அவரே மனைவியை அழைத்துத் தன் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் 'ஆஸ்பத்திரி' என்ற வார்த்தையைச் சொன்னார். இருந்தும் அவள் என்னிடம் சொன்னது மனதில் நிற்கிறது: "ஆள் சேர்த்தது நான்தானே அக்கா. ஒவ்வொரு புஷ்-அப்புக்கும் நான்தானே விலை வச்சேன்." அன்றோடு எண்ணிக்கைக்குப் பணம் என்பதை நிறுத்தி, மொத்தத் தொகையாக மட்டும் வாங்கினோம். ஒருவர் ஒரு நாளில் செய்யக்கூடிய உச்ச அளவை மருத்துவப் பணியாளர் முடிவு செய்தார்.

விளைவு

விடியற்காலை நேரம் எல்லோருக்கும் ஒத்துவராததால் வேகம் குறைந்தது. 30 நாள் என்றது 36 நாளில் முடிந்தது. திரட்ட நினைத்த தொகையில் முக்கால் பங்குக்கு மேல் வந்தது. அறக்கட்டளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. அழைப்புகள் பழைய நீளத்துக்குத் திரும்பின. போனை வாங்க மறுத்த குழந்தை, கூடாரத்தில் சத்தம் நின்ற வாரத்திலேயே மறுபடி பேச ஆரம்பித்தாள். ஒரே ஒரு முறை, முப்பத்து மூன்றாம் நாள், 'நாளை கால் தாமதமாகும், காரணம் சாதாரணமானது' என்ற செய்தி வந்தது. அன்றும் பாதிப் பேர் தூங்கவில்லை. ஆனால் யாரும் வாசல் விளக்கை அணைக்கவில்லை.

எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை. கணுக்காலைத் தேடிப் பார்த்த அந்த அம்மா, பதினொன்றாம் நாளுக்குப் பிறகு குழுவிலிருந்து விலகினார். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். காபி கொடுத்தார், நலம் விசாரித்தார், திரும்பச் சேரவில்லை. மகன் நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகும் சேரவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

குடும்பங்களை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நாற்பது பேர் கூடித் தேதி குறிப்பதற்கு முன், 31 வீட்டுக்கும் ஒரு கேள்வி போயிருந்தால் மாலை ஐந்தரை என்ற நேரமே வந்திருக்காது. அறக்கட்டளையால் பயன்பெறும் குடும்பம் நம் குழுவிலேயே இருந்தும், பன்னிரண்டாம் நாள் வரை அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாதுகாப்புக்காக ஓர் ஏற்பாடு செய்யும்போது, அது வீட்டில் எப்படித் தெரியும் என்றும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பெட்டியும் பூட்டும் சரியான முடிவுதான், இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் பூட்டிய பெட்டிக்குள் 31 வீட்டு அழைப்புகள் இருக்கின்றன என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது புதிய பணிக்காலம் தொடங்கும்போது குடும்பங்கள் நிரப்பும் படிவத்தில், அவசரத் தொடர்பு எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'உங்கள் வீட்டுக்குக் கால் வரும் நேரம் எது?' அந்த நேரங்களின் பட்டியல் கேம்ப் அலுவலக அறையில், இரண்டாவது சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.